பொனேரில் டைவிங் குழுவுக்கு: வில்லாவா, ரிசார்ட்டா?

கரீபியன் தீவான பொனேரில் டைவிங்குக்குக் கரையிலிருந்தே கடலில் இறங்கலாம். மஞ்சள் பூசிய கற்கள்தான் இட அடையாளம். அதனால் எட்டுப் பேர் குழுவுக்குப் படகைவிடத் தங்குமிடமே பெரிய முடிவு.

செலவு: வில்லா வாடகையை எட்டாகப் பிரிக்கலாம், சமைத்தும் கொள்ளலாம். ரிசார்ட்டில் தலைக்குக் கட்டணம். டைவ் பேக்கேஜில் காற்று சிலிண்டரும் அடக்கம்.

சிலிண்டர்: வில்லா சறுக்குவது இங்கேதான். நாளுக்கு மூன்று டைவ் என்றால் 24 சிலிண்டர். குறைந்தது இரண்டு பிக்கப் வண்டி வேண்டும், நிரப்பும் இடத்துக்குத் தினமும் அலைய வேண்டும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை) என்றால் அவரவர் சிலிண்டரின் ஆக்சிஜன் அளவை அனலைசரில் சோதிக்கவும் நேரம் போகும். கடலோர ரிசார்ட்டில் படித்துறையிலேயே எடுத்து இறங்கலாம். இரவு டைவுக்கு இதுவே நிம்மதி.

கழுவுதல்: வில்லாவில் டைவ் கருவிகளைக் கழுவ வெளிக்குழாயும் நிழலில் உலர்த்த இடமும் உண்டா என்று முன்பே கேளுங்கள். உப்பு காய்ந்து படிந்தால் பிசிடியின் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) பொத்தான்கள் சிக்கிக்கொள்ளும், காற்று தானாக ஏறும்.

எல்லோரும் தேர்ந்தவர்கள் என்றால் வில்லா. புதியவரோ டைவ் செய்யாதவரோ இருந்தால் ரிசார்ட். எங்கே தங்கினாலும் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.