தீயணைப்புக் குழு சாகே கிண்ணம்: பீங்கானா, அரக்கா?

தீயணைப்புக் குழுவின் பெயர் எழுதிய இரண்டு சாகே (ஜப்பானிய அரிசி மது) கிண்ணங்கள் என்னிடம் உண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில், தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில்தான் இரண்டையும் வாங்கினேன். ஒன்று வெள்ளைப் பீங்கான், இன்னொன்று சிவப்பு அரக்குப் பூசிய மரம். இரண்டிலும் மதோய் வரைந்திருந்தது, அதாவது எடோ காலத்திலிருந்து (1603–1868) தீயணைப்புக் குழுக்கள் தூக்கிச் செல்லும் குஞ்சம் வைத்த கம்பம்.

அழகில் அரக்குதான், மறுபேச்சே இல்லை. கனமும் இல்லை, உதட்டில் வைத்தால் சில்லென்றும் இருக்காது. (நமக்குத் தெரிந்த அரக்கு பூச்சி தருவது, அவர்களுடைய உருஷி மரத்தின் பால், பழகிய சொல் என்பதால் அரக்கு என்றே எழுதுகிறேன்.) ஆனாலும் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் பீங்கானைத்தான் வாங்க வேண்டும் என்பேன். காரணம், எழுத்து.

இந்தக் கிண்ணத்தின் வயதைச் சொல்வதே அதில் உள்ள எழுத்துதான். 1894இல் வந்த விதிமுறைப்படி ஊர்க் குழுக்களுக்கு ஷோபோகுமி என்று பெயர். 1939இல் வான்தாக்குதல் தற்காப்புக் குழுக்களோடு இணைத்து கெய்போதான் ஆக்கினார்கள், 1947இல் அது ஷோபோதான் ஆனது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் கடைசி எழுத்தைப் பாருங்கள்: இடப்பக்கம் நூலைக் குறிக்கும் உறுப்பும் (糸) வலப்பக்கம் சின்ன ஏணி மாதிரியும் இருந்தால் 'குமி', 1939க்கு முந்தையது. நாலு பக்கமும் அடைத்த பெட்டி என்றால் 'தான்'. பெட்டிக்குள் கோடுகள் நெருக்கியடித்தால் பழைய எழுத்துமுறை, இரண்டு மூன்று கோடுதான் என்றால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. அப்புறம், போருக்கு முன் குறுக்காக எழுதியதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அப்போது 'கடைசி' எழுத்து இடது ஓரத்தில் இருக்கும். ஆண்டு போட்டிருந்தால் இன்னும் சுலபம், ஷோவா (1926இல் தொடங்கிய பேரரசர் ஆட்சிக் காலம்) 10 என்றால் 1925ஐக் கூட்டி 1935.

அரக்கில் இந்த எழுத்துதான் முதலில் போகிறது. பூச்சின் மேல் தங்கத்தூள் தூவி எழுதியது, துடைத்துத் துடைத்தே தேயும். வெயில் பட்டால் பூச்சு மங்கும், காற்று வறண்டால் மரம் சுருங்கி விரிசல் விடும். என் கிண்ணத்தை ஹீட்டர் ஓடும் அறையில் ஜன்னலோரமாக இரண்டு குளிர்காலம் வைத்திருந்தேன், கடைசி எழுத்து இருந்த இடமே பெயர்ந்துவிட்டது. இப்போது அதில் 'ஷோபோ' மட்டும்தான் இருக்கிறது. 'குமி'யா, 'தான்' எழுத்தா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அது இன்னும் வலிக்கிறது.

பீங்கானிலும் மேற்பூச்சாகப் போட்ட தங்கமும் சிவப்பும் தேயத்தான் செய்யும். ஆனால் விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பல சமயம் பளபளப்பில்லாத தடமாக எழுத்து தெரியும். பளபளப்புப் பூச்சுக்கு அடியில் நீலத்தில் எழுதியது என்றால் கவலையே வேண்டாம்.

நான் கையாண்ட அரக்குக் கிண்ணங்கள் நாலைந்துதான், அதையும் சொல்லிவிடுகிறேன். மூடியில் குழுவின் பெயர் எழுதிய கிரி (எடை குறைந்த ஒரு ஜப்பானிய மரம்) மரப்பெட்டியோடு கிடைத்தால் அரக்கையும் தயங்காமல் வாங்கலாம். எழுத்து பெட்டியில் பத்திரமாக இருக்கும், பெட்டி ஈரப்பதத்தையும் ஓரளவு காக்கும். பெட்டி அந்தக் கிண்ணத்துக்கே உரியதுதானா என்று தெரிய, கிண்ணம் அதில் ஆடாமல் உட்காருகிறதா என்று மட்டும் வைத்துப் பாருங்கள்.