இறுகிய பாறையில் வாயு ஓட்டம்: எம்ஆர்எஸ்டி பயன்பாட்டு அனுபவம்

நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் எம்ஆர்எஸ்டி என்ற கருவிப்பெட்டியை, அதாவது மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் ஓடி நிலத்தடிப் பாறைக்குள் நடக்கும் ஓட்டத்தைக் கணிக்கும் நிரல் தொகுப்பை, பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். வேலை பெரும்பாலும் டைட் கேஸ், ஷேல் கேஸ் எனப்படும், வாயு எளிதில் நகர முடியாத இறுகிய பாறைகளில்தான். ஊடுருவுதிறன், அதாவது பாறை வாயுவை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதன் அளவு, 0.1 மில்லிடார்சிக்கும் கீழே போய்விட்டால், ஓட்டம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம் என்னும் டார்சி விதியை மட்டும் நம்பி உட்கார முடியாது. சமன்பாட்டிலேயே கைவைக்க வேண்டும். அதற்கு இதைவிட வசதியான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

காரணம், இதிலுள்ள தானியங்கி வகையிடல். நிறைச் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் போதும், அதைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூட்டன் முறைக்கு வேண்டிய ஜேக்கோபியனை (வகைக்கெழுக்களின் அணியை) அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஊடுருவுதிறனை அழுத்தத்தோடு மாறும்படி செய்வது ஒரு வரி வேலை. பாறையில் ஒட்டியிருக்கும் வாயுவை, அழுத்தத்துக்கேற்ப அதன் அளவைத் தரும் லாங்மியூர் சமன்பாட்டின்படி சேர்க்க இன்னும் ஓரிரு வரிகள்.

நான் எப்போதும் முதலில் சேர்ப்பது கிளிங்கன்பெர்க் 1941-இல் தந்த திருத்தம். நுண்துளைச் சுவரில் வாயு மூலக்கூறுகள் வழுக்கிச் செல்வதால், அழுத்தம் குறையக் குறைய ஊடுருவுதிறன் கூடித் தெரியும். இந்த மாறிலியை அழுத்தத்தால் வகுத்தால் அந்தக் கூடுதலின் விகிதம் கிடைக்கும்; வழுக்கல் மாறிலி 5 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் 10 பாரில் அளந்தால் பாறையின் இயல்பான மதிப்பைவிட 50 சதவீதம் கூடுதலாக வரும். நிலத்தடியில் 200 பாரில் அந்தக் கூடுதல் வெறும் 2.5 சதவீதம்! ஆய்வக எண்ணைத் திருத்தாமல் மாதிரியில் போட்டால் உற்பத்திக் கணிப்பு தொடக்கத்திலேயே எகிறிவிடும். இவ்வளவு எளிய திருத்தத்தைச் சிலர் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம், கணக்குக்காகப் பாறையைப் பிரிக்கும் கட்டங்கள். வாயு கிணற்றுக்கு வரப் பாறையில் உண்டாக்கிய பிளவை ஒட்டிச் சென்டிமீட்டர் அளவுக்கு நுணுக்கி, தள்ளிப் போகப் போக மடக்கை முறையில் பெரிதாக்குங்கள். அழுத்தச் சரிவு மெதுவாகப் பரவும் பாறை என்பதால், பெரிய கட்டம் போட்டால் ஆரம்பகால உற்பத்தி தப்பாக வரும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: கிணற்று அழுத்தத்தை மாற்றாமல் ஓட்டி, வாயு வீதத்தையும் நேரத்தையும் இரு அச்சிலும் மடக்கை அளவில் வரையுங்கள். எல்லையின் தாக்கம் எட்டும்வரை சாய்வு -½ இருக்க வேண்டும். வழுக்கல் திருத்தம் சேர்த்தாலும் அது மாறாது, அதனால்தான் இந்தச் சோதனையை நம்புகிறேன்.

குறை என்றால் மேட்லேப் உரிமத்தின் விலை. மேட்லேப்புக்கு இலவச மாற்றான ஆக்டேவிலும் ஓட்டலாம், வேகம் குறையும். லட்சக்கணக்கான கட்டங்களோடு முழு வயலையும் கணிக்க வேண்டுமென்றால் வணிக மென்பொருளுக்கே போங்கள். ஒரு கிணறு, சில பிளவுகள், சோதித்துப் பார்க்கப் புதிதாக ஓர் ஓட்ட விதி என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம்.