நுவரெலியா மலைநாட்டில் முப்பது வயது தாண்டி ஓட வந்தால்: 100 மீட்டரா, 5000 மீட்டரா?

செலவு: 5000-க்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி போதும். 100-க்கு ஆணிச் சப்பாத்தும் வேண்டும். தார் ரோட்டில் போட்டால் ஆணி தேயும்.

உயரம்: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர். மெல்லிய காற்று 100-இல் காற்றுத் தடையைக் குறைக்கும். 5000-இல் ஒட்சிசன் குறைவால் மூச்சு வாங்கும். முதல் மாதம் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான் சரி.

காயம்: இங்கேதான் பலர் ஓட்டத்தையே விடுகிறார்கள். 100-இல், குளிர்காலையில் சூடேறாமல் பாய்ந்தால் பின்தொடைத் தசை கிழியும். 15 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 60 மீட்டரில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி 4 தடவை. அதற்குப் பிறகே முழுவேகம். 5000-இல் எதிரி, தேயிலைத் தோட்டத்து இறக்கம்தான்; முழங்கால் அடிவாங்கும். ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் நடங்கள். வெட்கமில்லை.

பக்கத்தில் சமதரை கிரவுண்ட் இருந்தால் 100. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலிலேயே மலைரோடு தொடங்குகிறவர்களுக்கு 5000.