அசல் குழலா, சாம்பிளா, விண்ட் கன்ட்ரோலரா?

நாட்டுப்புறக் குழலை எலக்ட்ரானிக் இசைக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. வாசிப்பவரை மைக் முன்னால் உட்காரவைத்துப் பதிவது, தயாராகக் கிடைக்கும் சாம்பிளை (முன்பே பதிந்துவைத்த ஒலித்துண்டை) கீபோர்டில் வாசிப்பது, விண்ட் கன்ட்ரோலர் என்ற ஊதும் மின்கருவியைப் பிடிப்பது. மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். என் ஓட்டு அசல் குழலுக்குத்தான். ஆனால் அது தரும் தலைவலியும் அசல்தான்.

முதலில் சாம்பிள். 1980களில் வந்த ஈ-மியூ எமுலேட்டர் 2 என்ற சாம்பிள் வாசிக்கும் கீபோர்டில் ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியின் ஒலி ஒன்று இருந்தது. 1986இல் ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல் ‘ஸ்லெட்ஜ்ஹேமர்’ பாட்டில் அதைப் பயன்படுத்தினார். அதன்பின் அது வேறு பாட்டுகளிலும் தலைகாட்டி, காது பழகிய ஒலியாகிவிட்டது. சாம்பிளின் சிக்கலும் இதுதான்: யாரோ ஒருவர் ஒருநாள் விட்ட மூச்சு. கட்டையைப் பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் அதே ‘ஃபூ’. நல்ல தொகுப்புகளில் ஒவ்வொரு சுரத்தையும் பல தடவை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள், சரி. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பினால் சுரத்தோடு சேர்ந்து காற்றின் இரைச்சலும் அப்படியே மேலே ஏறும். அசல் குழலில் விரல் நகர்ந்தால் சுரம் நகரும், இரைச்சல் அந்த அளவுக்கு நகராது.

அதற்காக சாம்பிளைத் தூக்கியெறிய வேண்டாம். அரை நொடி மூச்சை இருபது நொடிக்கு இழுத்துப் பின்னணியில் பரப்பவோ, துண்டு துண்டாக வெட்டித் தாளமாக்கவோ அதைவிடத் தோதானது இல்லை.

இப்போது அசல் குழல். ஏசி அறையில் ஒருநாள் பதிவு. முதல் டேக்கில் சிந்தோடு (மின்னணு ஒலி எழுப்பும் சிந்தசைசரோடு) கச்சிதமாகச் சேர்ந்த குழல், பத்தாவது நிமிடத்தில் காதை உறுத்தத் தொடங்கியது. வாசித்தவர் மேல் தப்பில்லை. அவர் மூச்சில் குழல் சூடாகிவிட்டது. உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி கிட்டத்தட்ட 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஐந்து டிகிரி என்றால் 15 சென்ட். சிந்த் மட்டும் தன் நிலையான சுருதியான 440 ஹெர்ட்ஸிலேயே சிலைபோல நிற்கும். அன்றிலிருந்து குழலைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகுதான் ரெக்கார்ட் பட்டனைத் தொடுகிறேன்.

அடுத்த உரசல் காந்தாரத்தில், அதாவது ‘க’ சுரத்தில். தம்புராவோடு பழகிய காது கேட்கும் அந்தர காந்தாரம், கீபோர்டில் இருப்பதைவிட 14 சென்ட் தாழ்ந்தது. பலர் உடனே குழலுக்கு ஆட்டோடியூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்) போடுகிறார்கள். கமகம் அங்கேயே செத்துவிடும். நான் தலைகீழாகச் செய்கிறேன்: குழலைப் பதிந்துவிட்டு, சிந்தின் காந்தாரத்தை அதற்கு இறக்குகிறேன். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வசதி இருக்கிறது. பின்னணியில் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) அடுக்குவதைக் குறைத்து, ஒற்றைச் சுரத்தை நிறுத்திவைத்தால் பாதிச் சண்டை தானாகவே ஓய்ந்துவிடும்.

மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடிக்கும். ஒலி ஊதும் துளையிலிருந்து மட்டுமல்ல, திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே ஓரடி தள்ளி, சற்று மேலே வையுங்கள்.

விண்ட் கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யமஹாவின் டபிள்யூஎக்ஸ்7, அக்காயின் இடபிள்யூஐ இரண்டும் 1987 வாக்கில் வந்தவை. ஊதும் அழுத்தம் மிடி எண்ணாக (மின்கருவிகள் பேசிக்கொள்ளும் குறியீடாக) மாறி, ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் சிந்தின் ஃபில்டரைத் திறந்து மூடும். அந்த சுகமே தனி. ஆனால் பெரும்பாலும் அதன் சாவிகளுக்குத் தெரிந்தது திறப்பதும் மூடுவதும்தான். பாதித் துளையை விரலால் வருடுவது அதற்குப் புரியாது. சிந்துக்கு மூச்சு கொடுக்க வாங்கலாம், குழலுக்கு மாற்றாக வாங்காதீர்கள்.

அசல் குழல் வேண்டும், சுருதிச் சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று: ஸ்லோவாக்கிய மேய்ப்பர்களின் ஃபுயாரா. ஆள் உயரக் குழல், துளைகள் மூன்றே. மீதிச் சுரங்கள் ஊதும் வேகத்தைக் கூட்டி எழுப்பும் மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தின் அதிர்வெண்ணின் மடங்குகள். பேஸ் சிந்தை அதன் அடிச்சுரத்துக்கு ஒருமுறை சேர்த்துவிட்டால், சிந்தின் மேற்சுரங்களும் அதே வரிசையில்தான் வரும். அங்கே காந்தாரத்தைத் திருத்தும் வேலையே இல்லை.