மாற்றத்தை அறிவிக்கும்போது எதை அனுப்புவது?

இலங்கையின் நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியின் முன்பதிவுச் சேவையை, அதாவது முன்பதிவுகளைக் கவனிக்கும் மென்பொருளை, எடுத்துக்கொள்வோம். விருந்தினர் வரும் நாள் மாறினால், புறாத்தீவுக்கான படகுச் சவாரிச் சேவை, கட்டணச் சேவை ஆகிய மற்ற மென்பொருள்களுக்கும் அது தெரிய வேண்டும். அந்த அறிவிப்பில் எதை எழுதுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

இலக்கத்தை மட்டும் அனுப்பலாம்: “முன்பதிவு 1042 மாறியது.” பெறும் சேவை திரும்பக் கேட்டு விவரத்தை அறிந்துகொள்ளும். அறிவிப்பு தாமதித்தாலும் கிடைப்பது புதிய நிலைதான். கடவுச்சீட்டு இலக்கம் போன்றவை ஊரெல்லாம் பரவுவதில்லை. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாப் பருவத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாச் சேவைகளும் ஒரே நேரத்தில் வந்து கேட்கும். முன்பதிவுச் சேவை நின்றால் படகுக்காரருக்குப் பயணிகள் பட்டியலும் இல்லை. இதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது வழியாக, முன்பதிவின் முழு நிலையையும் அனுப்பினால் ஒவ்வொரு சேவையும் தன் பிரதியை வைத்துக்கொண்டு தனியே இயங்கும். அளவு பெரிய தடையல்ல: சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருள் இயல்பாகவே சுமார் 1 எம்பி வரையான செய்தியை ஏற்கும். உண்மையான சிக்கல் அறிவிப்புகள் வந்துசேரும் வரிசையில் இருக்கிறது. முன்பதிவு இலக்கத்தைச் சாவியாகக் கொடுத்தால் அந்த முன்பதிவின் அறிவிப்புகள் காஃப்காவின் ஒரே பார்ட்டிஷனுக்குள் (செய்திகள் வந்த வரிசையில் சேமிக்கப்படும் பகுதிக்குள்) வரிசையாக நிற்கும். எனினும் தோல்விக்குப் பின் மறுபடி அனுப்பும்போது ஒரே அறிவிப்பு இருமுறை வரலாம், பழையது புதியதை அழித்துவிடலாம். ஆகவே ஒவ்வொன்றிலும், மாற்றத்துக்கு மாற்றம் கூடிக்கொண்டே போகும் பதிப்பு எண் கட்டாயம். கையிலிருப்பதைவிடப் பெரிய எண் வந்தால் மட்டுமே எழுத வேண்டும்.

மாறிய புலங்களை மட்டும் அனுப்பும் மூன்றாவது வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒன்று தவறினால் பிரதி பிழையாகிவிடும், அது யாருக்கும் தெரியாது. தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைப் படித்து அனுப்பும் டெபீசியம் போன்ற கருவியால் தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டை நேரடியாக வெளியே திறந்துவிடுவதும் அப்படித்தான் உறுத்துகிறது: உள் அட்டவணையின் நெடுவரிசைப் பெயரை மாற்றவும் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

என் தேர்வு கலப்பானது. நாள், அறை, ஆள் எண்ணிக்கை, பதிப்பு எண் ஆகியவை அறிவிப்பிலேயே போகட்டும். கடவுச்சீட்டு, தொலைபேசி இலக்கங்களைத் தேவைப்படும் சேவை மட்டும் கேட்டுப் பெறட்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது பிரதிகளைப் பெருக்குவது வீண் பொறுப்பு. எந்த வழியானாலும், முன்பதிவு மாற்றத்தையும் அனுப்பவேண்டிய அறிவிப்பையும் ஒரே பரிவர்த்தனையில் (இரண்டும் சேர்ந்தே பதியும், அல்லது இரண்டுமே பதியாது) தரவுத்தளத்தில் எழுதி, பின்னர் தனி நிரல் ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாள் மாறியிருக்கும், படகுக்காரருக்குச் செய்தியே போயிருக்காது.