ஆர்15 வி3 உயரத்த இறக்கி ஓட்டின அனுபவம், உயரம் கம்மியா இருக்கறவங்களுக்காக

என் உயரம் 5 அடி 2 இன்ச், வண்டி யமஹா ஆர்15 வி3, பிஎஸ்6 மாடல். இந்த வண்டில சீட் உயரம் 815 மிமீ. முதல்ல வந்த ஆர்15-ல 790 தான் இருந்துச்சு, வி2-ல 800 ஆச்சு, வி3-ல 815, அப்புறம் வந்த வி4-லயும் அதே 815. அதனால பழைய ஆர்15-ல ரெண்டு காலும் வசதியா ஊனி நின்னவங்க கூட வி3-ல ஏறினா முன்னங்கால்லதான் (பாதத்தோட முன்பாதியிலதான்) நிக்கறாங்க. வாங்கறப்பவே இத இறக்கித்தான் ஓட்டணும்னு முடிவோட இருந்தேன், ஒவ்வொண்ணா பண்ணிப் பாத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு, என்னென்ன மாறுச்சுன்னு முழுசா சொல்றேன் ஏன்னா கேக்கறவங்க எல்லாருக்கும் "லிங்க் மாத்து, இறங்கிடும்" னு ஒரு வரி பதில்தான் கிடைக்குது (லிங்க்னா பின்பக்க ஷாக் அப்சார்பர சேக்கற சின்ன இணைப்புப் பட்டை), அதுக்கப்புறம் வளைவுல வண்டி எப்படி நடந்துக்கும்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல ஒண்ணு, உங்க மொத்த உயரம் இங்க பெரிய விஷயமில்ல, கால் நீளம்தான் விஷயம். சுவத்துல சாஞ்சு நின்னு தொடைக்கு நடுவுல ஒரு புஸ்தகத்த மேல வரைக்கும் இறுக்கமா வச்சு அங்கருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்க. அடுத்தது சீட்டோட அகலம். 815 மிமீ-ங்கறது நடு சீட்டுல தரையில இருந்து அளக்கற உயரம், ஆனா சீட் முன்பக்கம் அகலமா இருந்தா தொடை வெளிய விரிஞ்சு போயி கால் நேரா இறங்காது, அதுலயே ஒரு இன்ச் போயிடும். அதனாலதான் நான் முதல்ல போனது மெக்கானிக்கிட்ட இல்ல, சீட் தைக்கிற கடைக்கு. முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஃபோம வழிச்சு குறுகலாக்கச் சொன்னேன், நடுவுல கொஞ்சமா மட்டும் எடுத்தாங்க, ஏற்கனவே ஆர்15 சீட் ஃபோம் தடிமன் கம்மி, அதுக்கு மேல எடுத்தா சேலத்துல இருந்து பெங்களூரு போய் இறங்கறதுக்குள்ள இடுப்பு போயிடும். இந்த வேலைல வண்டியோட ஜியோமெட்ரி (சக்கரங்களோட அமைப்பு, சாய்வுக் கோணம்) ஒரு துளி கூட மாறல, முன்னங்கால் முழுசா ஊன முடிஞ்சுது. முட்டி கொஞ்சம் அதிகமா மடங்கும், என்ன மாதிரி குட்டையானவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது லிங்க். ஆர்15-ல பின்னாடி மோனோஷாக் (ஒத்த ஷாக் அப்சார்பர்) லிங்க் வழியா ஸ்விங்ஆர்மோட (பின்சக்கரத்தப் பிடிச்சிருக்கற கை) சேருது, அதனால லிங்க் நீளத்துல சில மில்லிமீட்டர் மாத்தினாலே பின்பக்கம் அதவிட அதிகமா இறங்கிடும். கேடிஎம் ஆர்சி, ட்யூக் மாதிரி வண்டிகள்ல ஷாக் நேரா ஸ்விங்ஆர்ம்ல மாட்டிருக்கும், அதுல லிங்க்கே கிடையாது, அங்க இந்த வழி நடக்காது, ஷாக்க மாத்தணும். எனக்குப் பின்னாடி 25 மிமீ இறங்கற மாதிரி லிங்க் போட்டாங்க. மெக்கானிக் தம்பி "முன்னாடி எல்லாம் தொட வேண்டாம்க்கா, பின்னாடி மட்டும் போதும், எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க" ன்னாரு. ஊருக்குள்ள ஓட்டினப்போ ஒண்ணும் தெரியல, சிக்னல்ல நிக்க சுகமாத்தான் இருந்துச்சு.

ஏற்காடு ஏறினப்பதான் தெரிஞ்சுது. அங்க 20 கொண்டை ஊசி வளைவு, எனக்கு நல்லாத் தெரிஞ்ச ரோடு, ஒவ்வொரு வளைவுக்கும் எங்க பிரேக் விடணும் எங்க சாய்க்கணும்னு கைக்குப் பழக்கம். அதே இடத்துல அதே வேகத்துல சாய்ச்சா வண்டி உள்ள வரமாட்டேங்குது, ஹேண்டில நல்லா தள்ளினாத்தான் சாயுது, சாஞ்சப்புறமும் வெளிப்பக்கமாவே போகுது, எதிர்ல பஸ் வர்ற ரோட்டுல நடுக்கோட்டத் தாண்டி போறதுன்னா என்ன அர்த்தம்னு மலை ரோடு ஓட்டறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. காரணம் இதுதான். வண்டியோட வீல்பேஸ் (ரெண்டு சக்கர நடுவுக்கும் உள்ள தூரம்) 1325 மிமீ, பின்னாடி மட்டும் 25 மிமீ இறங்கினா மொத்த வண்டியும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி பின்னால சாயுது, ஃபோர்க்கும் (முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கற ரெண்டு குழாய்) அதே அளவு சாயும், ரேக் (முன்பக்கத்தோட சாய்வுக் கோணம்) கூடும், ட்ரெயில் (ஹேண்டில் திரும்பற அச்சு தரையத் தொடற இடத்துக்கும் முன் டயர் தரையத் தொடற இடத்துக்கும் உள்ள தூரம்) கூடும். நேர் ரோட்டுல அது நல்லாவே இருக்கும், ஆடாம போகும், ஆனா திருப்பம் மந்தமாயிடும். அதோட எடை கொஞ்சம் பின்னாடி போகுது, மேடு ஏறும்போது ஏற்கனவே முன்சக்கரம் லேசா இருக்கும், இப்ப இன்னும் லேசாகி கிரிப் என்ன இருக்குன்னே கைக்குத் தெரியாது. ஸ்விங்ஆர்ம் படுத்துட்டதால வளைவ விட்டு வெளிய வரும்போது ஆக்சிலேட்டர் குடுத்தா பின்பக்கம் இன்னும் அமுங்குது, முன்சக்கரம் இன்னும் வெளிய போகுது.

இன்னொரு கணக்கும் இருக்கு. பின் ஆக்சில்ல 25 மிமீ இறக்கினா சீட்ல 25 கிடைக்காது, ஏன்னா நம்ம உக்கார்றது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, கொஞ்சம் பின்னாடி. எனக்குக் கிடைச்சது சுமாரா 17, 18 மிமீ. அவ்வளவுக்காக ரேக்க ஒரு டிகிரி கூட்டிக்கறது சரியான பேரமே இல்ல, என் கருத்து இதுதான், பின்னாடி மட்டும் இறக்கின ஸ்போர்ட்ஸ் பைக்க வளைவுல வேகமா ஓட்டவே கூடாது.

அப்புறம் முன்பக்கமும் இறக்கினேன். ட்ரிபிள் கிளாம்ப (ஃபோர்க் குழாய்கள மேல பிடிச்சிருக்கற பிடி) லூஸ் பண்ணி ஃபோர்க் குழாய மேல ஏத்தறதுதான் வேலை, ரெண்டு பக்கமும் வெர்னியர் (நுணுக்கமா அளக்கற கருவி) வச்சு அளந்தா ஒரே அளவு இருக்கணும், போல்ட்ட டார்க் ரெஞ்ச் (முறுக்கற பலத்த அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு மட்டும்தான் முறுக்கணும். எவ்வளவு ஏத்தலாம்ங்கறது ஹேண்டில் எங்க உக்காருதுங்கறதப் பொறுத்தது, அதவிட முக்கியம் ஃபோர்க் முழுசா அமுங்கறப்போ முன் மட்கார்டு ஃபேரிங்லயோ (முன்பக்க பிளாஸ்டிக் உறை) ரேடியேட்டர்லயோ இடிக்காம இருக்கணும். ஃபோர்க் குழாய்ல ஒரு கேபிள் டை கட்டிட்டு ஓட்டிப் பாத்தா எவ்வளவு அமுங்குதுன்னு தெரிஞ்சிடும். முன்னாடி கொஞ்சம் இறக்கினதும் திருப்பம் பழையபடி வந்துருச்சு, நிஜமாவே வேற வண்டி மாதிரி.

ஆனா கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியோட அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) போச்சு. கம்பெனி குடுக்கறது 170 மிமீ. நம்மூர்ல ஸ்பீடு பிரேக்கர் விதிப்படி 10 செ.மீ உயரத்துல 3.7 மீட்டர் அகலமா போடணும், தெருவுல யாரு அப்படிப் போடறாங்க, குட்டையா செங்குத்தா சிமென்ட்ட கொட்டி வச்சிருக்காங்க, பின்னாடி ஆள் உக்காந்தா அடி தட்டுது. சாயும்போது ஃபுட்பெக் சீக்கிரமே தரையத் தொடும். பின் டயரும் மேல நகந்துட்டதால குழில விழுந்தா உள் மட்கார்டுல உரசுதான்னு பாக்கணும்.

யாரும் சொல்லாத ஒண்ணு சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கி ஸ்டாண்டு அதே நீளத்துல இருந்தா வண்டி நிமிந்து நிக்கும், லேசா காத்தடிச்சாலோ யாராவது உரசினாலோ வலது பக்கம் விழுந்துடும். ஸ்டாண்ட வெட்டி வெல்டிங் வைக்கணும், அத நல்லா செய்யறவர்கிட்ட செய்யணும், ஒடஞ்சா அவ்வளவுதான். செயின் லூஸும் மறுபடி பாக்கணும், ஸ்விங்ஆர்ம் கோணம் மாறினா பழைய அளவு சரிவராது. பின்னாடி மட்டும் இறங்கிருந்தா ஹெட்லைட் மேல பாக்கும், எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், அதையும் திருப்பி வைங்க. லிங்க்க லேத்துல கிடைச்ச பட்டைல வெட்டி வாங்காதீங்க, பின்பக்க பாரம் முழுக்க அதுலதான் போகுது, போல்ட் துளை ஒரு நூல் தள்ளி இருந்தாலும் புஷ் சீக்கிரம் தேயும்.

இப்ப என் வண்டில கம்பெனி லிங்க்தான் மறுபடி இருக்கு, ஃபோர்க்கும் பழைய இடத்துல. வழிச்ச சீட் மட்டும் அப்படியே. சோல் தடிமனான ரைடிங் பூட்ஸ் போடறேன், நிறுத்தும்போது இடுப்ப லேசா இடது பக்கம் நகத்தி இடது கால முழுசா ஊனி வலது கால பிரேக்லயே வச்சுக்கறேன். ரெண்டு காலும் தரையில பட்டாத்தான் பாதுகாப்புங்கறத நான் நம்பல, ஒரு கால் உறுதியா ஊனினா இந்த 142 கிலோ வண்டி நிக்கும். மேட்டுல நிறுத்தறப்போ இது ரொம்பவே உதவுது. ரோட்டுல சரிவு எந்தப் பக்கம்னு நிறுத்தறதுக்கு முன்னாடியே பாக்கற பழக்கம் மட்டும் வரணும். இதெல்லாம் பழகியும் நுனிவிரல்தான் படுதுன்னா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் சேத்து கொஞ்சமா இறக்குங்க, எதுல எவ்வளவு இறக்கினீங்கன்னு எழுதி வச்சுக்கோங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கறவங்க, ஏற்கனவே இறக்கின வண்டியான்னு தெரிஞ்சுக்க இதப் பாருங்க: சைடு ஸ்டாண்டுல வெல்டிங் தழும்பு இருக்கா, ட்ரிபிள் கிளாம்புக்கு மேல ஃபோர்க் குழாய் ரெண்டு பக்கமும் ஒரே அளவு நிக்குதா, லிங்க் மட்டும் புதுசா பளபளன்னு இருக்கா. இருந்தா பழைய லிங்க் எங்கன்னு கேட்டு வாங்கிட்டு அப்புறம் விலை பேசுங்க.