முப்பதுக்கு மேல் பரு: இரண்டு ஜெல்லும் ஒரு எலுமிச்சம்பழமும்

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார்கள். ஆகி ஆறு வருடம். பரு போகவில்லை, இடம்தான் மாறியது. பதினாறு வயதில் நெற்றி நிறைய வந்தது இப்போது தாடை ஓரமாக வருகிறது. தொட்டால் வலிக்கும், லேசில் பழுக்காது. ஒருவழியாக அடங்கினாலும் அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி மாதக்கணக்கில் குடியிருக்கும். நம் மாநிறத் தோலுக்குப் பருவைவிட அந்தப் புள்ளிதான் பெரிய தலைவலி. தோல் எரிந்தால் புள்ளி இன்னும் கறுக்கும். அதனால் எந்த மருந்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது முகத்தை எவ்வளவு புண்ணாக்கும் என்றுதான்.

பருவுக்குத் தடவும் இரண்டு ஜெல்லைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவதான பென்சாயில் பெராக்சைடு வேகமானது. பருவில் இருக்கும் கிருமியைக் கொல்லும். ஆன்டிபயாடிக் போலக் கிருமி இதற்குப் பழகிப்போவதும் இல்லை. நான் செய்த தப்பு, "ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்டு 5 சதவீத ஜெல்லை வாங்கியது. மூன்றாம் நாளே வாயோரம் செதில் செதிலாக உரிந்தது. 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்னொன்று, இது துணியை வெளுக்கும். என் நீலத் தலையணை உறையில், கன்னம் படும் இடத்தில் மட்டும் வெளிறிய வட்டம். "பினாயில் கொட்டிட்டியாம்மா?" என்று கேட்டார் மாமியார். இப்போது அந்த மருந்து உள்ள ஃபேஸ்வாஷை மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடம் வைத்துக் கழுவி, வெள்ளைத் துண்டில் துடைத்துக்கொள்வேன்.

இரண்டாவது ஜெல், அடாபலீன் 0.1 சதவீதம், நேர் எதிர். மெதுவானது. தோல் துவாரம் அடைபடுவதையே தடுப்பதால், இன்னும் முளைக்காத பருவுக்கும் சேர்த்துத்தான் மருந்து. பலர் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு ஜெல்லை முகம் முழுக்கப் பரவலாகத் தடவ வேண்டும். முதலில் வாரம் இரண்டு மூன்று இரவு போதும். எரிந்தால் மாய்ஸ்சரைசருக்கு மேல் தடவலாம். முதல் சில வாரம் பரு கூடவும் செய்யும்; பாதிப் பேர் டியூப்பைத் தூக்கிப் போடுவது அங்கேதான். 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் இதைத் தொட வேண்டாம். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் உண்டு, புள்ளியையும் மங்கவைக்கும், டாக்டரிடம் கேளுங்கள். மற்றபடி இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு அடாபலீனுக்கு.

சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம்? மூக்கோர பிளாக்ஹெட்டுக்கு நல்லது. தாடைக்கு அடியில் ஆழமாக வரும் கட்டிக்கு அது போதாது.

எலுமிச்சைச் சாறு, பற்பசை இரண்டும் வேண்டாம். எலுமிச்சை தடவி வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுக்கலாம். இவற்றைவிட மோசம், சிவப்பழகுக்கென்று கைமாறும் ஸ்டீராய்டு கிரீம். ஒரே வாரத்தில் முகம் பளபளக்கும், நிறுத்தினால் பரு கூட்டமாகத் திரும்பும். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று டியூப்பில் இருந்தால் முகத்துக்கு வேண்டாம்.

பழக்கங்களில் எனக்குக் கண்கூடாகப் பலன் தந்தது தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தை மாற்றியதுதான். ராத்திரி தேங்காயெண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை வழியாக அது கன்னத்துக்கு வந்துவிடும். இப்போது குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, அலசிவிடுகிறேன். பாலும் இனிப்பும் சிலருக்குப் பருவைக் கூட்டும். எனக்குக் காபியைக் குறைத்துப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் காபி தொடர்கிறது.

தாடைப் பருவோடு மாதவிடாயும் தள்ளிப்போகிறது, மோவாயில் முடி வளர்கிறது என்றால் இந்த ஒப்பீடே உங்களுக்கு இல்லை. அது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதற்கு ஜெல் பத்தாது, முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.